‘கோடு இருக்கா?’ என்று கேட்டவருக்கு

கடல் மீட்பு அறையின் கண்ணே! அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் அடிபணியும் அரசியே! ஐயம் என்றால் அங்குலமும் நகராத எங்கள் கோட்டக்காவே!

பணிநிறைவு பெறும் தங்களுக்கு, வயர்லெஸ் கருவிக்கு வாழ்க்கைப்பட்ட நாங்கள் வாயார வாழ்த்துரைக்கிறோம்.

எண்ணைச் சொன்னால் இடம் தெரியும் என்பது உலகம்; எந்த முறை எண் என்றும் சொல்ல வேண்டும் என்பது தாங்கள். சில இடங்காட்டிக் கருவிகள் பாகையை அறுபது கலைகளாக, அதாவது நிமிடங்களாகப் பிரித்துக் காட்டும். சில, பத்தின் கூறாக, அதாவது தசமமாகக் காட்டும். காதில் விழும் எண் ஒன்றேதான். இடங்களோ ஏணி வைத்தாலும் எட்டா.

அந்தப் புயல் நாளை மறப்போமா! மூழ்கும் படகிலிருந்து ஓட்டுநர் “பத்து புள்ளி நாற்பத்தஞ்சு” என்று அலறியதுமே மேலதிகாரி மீட்புக் கப்பலைக் கிளப்பிவிட்டார். தாங்கள் மட்டும் மைக்கை விடவில்லை.

“தம்பி, நாற்பத்தஞ்சுக்குப் பக்கத்துல சின்னக் கோடு இருக்கா?”

“அக்கா, தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு! இப்போ போய் கோடு கீடுன்னுட்டு!”

“திட்டுங்க, பரவாயில்லை. பாத்துட்டுத் திட்டுங்க.”

“இருக்கு. ஒத்தைக் கோடு.”

ஒற்றைக் கோடென்றால் கலை; தம்பி ‘புள்ளி’ என்றது பாகைக் குறியின் சிறு வட்டத்தை. கப்பலோ பத்தின் கூறாகக் கணக்கிட்டு, பதினெட்டுக் கடல் மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. “திருப்புங்க” என்றீர்கள். மேலதிகாரி முறைத்தார், கப்பல் திரும்பியது. படகிலிருந்த நால்வரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். திட்டிய தம்பி இதோ, மனைவியோடு முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

தங்களோடு வேலை பார்ப்பது எளிதன்று. தேநீர் குடித்து வந்தோம் என்றால் எந்தக் கடை, எந்தப் பக்கம் என்பீர்கள். ‘கொஞ்சம் தள்ளி’ என்று யாராவது வழி சொன்னால் தங்களுக்குத் தலைவலியே வந்துவிடும். அந்தப் பிடிவாதத்தை நாங்கள் முணுமுணுத்தபடியே கற்றுக்கொண்டோம்.

இப்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்திருக்கிறது. நேரம் வீணாகிறதாம், அழைப்பவரிடம் எண்ணை மட்டும் வாங்க வேண்டுமாம், மறுகேள்வி கூடாதாம். தங்கள் கேள்வியைத் தாளில் எழுதி வயர்லெசுக்கு மேலே ஒட்டினோம், கிழித்தார்கள். மறுபடி ஒட்டினோம், மறுபடி கிழித்தார்கள். சட்டமிட்ட பாராட்டு மடல் தவிர வேறெதுவும் சுவரில் கூடாது என்று கடைசியாகச் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று.

ஆதலால், மாண்புமிகு கோட்டக்காவே, இம்மடல் தங்கள் வீட்டுக்கு வராது. தங்களுக்கு நகல்தான், பொறுத்தருள்க. இது நாளைக் காலையில் வயர்லெசுக்கு நேர் மேலே ஏறும். தலைப்பை இவ்வளவு பெரிதாக எழுதியதும் அதற்காகவே. தங்கள் நாற்காலியில் எவர் அமர்ந்தாலும் நிமிர்ந்தால் கண்ணில் படும். அவர் கேட்கட்டும், கேட்காவிட்டால் நாங்கள் கேட்போம்.

அழைப்பொலி எழுப்பாத உறக்கமும், நோய் அண்டாத உடலும், நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போகும் நிம்மதியும் பெற்று நெடுங்காலம் வாழ்க!

இங்ஙனம்,
கோடு பார்த்தே கப்பல் அனுப்பும்
கடல் மீட்பு அறை ஊழியர்கள்