குறை கேட்கும் திரை

அழுபவர்களுக்கு நான் எப்போதும் நல்ல டிஷ்யூவாகத்தான் வாங்கி வைப்பேன், ஐயா. கம்பெனி கொடுப்பது கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். மனிதவள அதிகாரி என்றால் இந்த நுணுக்கமெல்லாம் வேண்டும்.

பிறகு முதலாளியின் மருமகன் கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் ஒரு திரையை வைத்து ரிப்பன் வெட்டினார். தொழிலாளர்கள் குறையைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு ஆறுதல் சொல்லுமாம். "இனிமே எல்லார் மனசையும் இது பாத்துக்கும் சார். நீங்க ஃப்ரீ," என்றார். அதே வார்த்தையைச் சொல்லி நான் பலரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

என்னிடம் வாயைத் திறக்காதவர்கள் அங்கே போய் விம்மினார்கள். பேக்கிங் பிரிவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி இருந்தாள். "ஏன் அக்கா, நாங்கள்லாம் இல்லையா?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா வாட்ச்சைப் பாப்பீங்க சார். அதுக்குக் கையே இல்லை."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள், சொல்லுங்கள்.

இயந்திரத்தை அதன் போக்கில் விடக் கூடாது என்று நிர்வாகத்திடம் வாதாடினேன். ஒத்துக்கொண்டார்கள். தொழிலாளி எழுதுவதும் அதன் பதிலும் முதலில் என் கணினிக்கு வரும்; நான் திருத்தி அனுப்பலாம். ஆரம்பத்தில் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். அப்புறம் அன்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வெறுத்துப்போய் என்னிடம் திரும்புவார்கள் என்று பார்த்தால், ஒருவரும் வரவில்லை.

ஒரு மாலை, நைட் ஷிப்டுக்கு முன்னால் அக்கா எழுதினாள். புருஷன் படுத்த படுக்கை, ஷிப்டை மாற்றித் தர ஆளில்லை, இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று. இயந்திரம் சிவப்புக் குறி போட்டது. 'தனியாக இருக்காதீர்கள். மனிதவள அதிகாரியை இப்போதே உங்களிடம் அனுப்புகிறேன்.'

அதை அழித்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் முறை வரும்வரை காத்திருக்கவும்' என்று மாற்றி அனுப்பினேன். இயந்திரத்துக்கு இதயம் இல்லை என்பதை யாராவது நிரூபிக்க வேண்டியிருந்தது.

என் அறைக்கு எதிரே, திரை இருந்த அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். அடுத்து வருபவருக்காகத் திரையைக் கையால் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை அவள் வீடு போய்ச் சேரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். மனித மனத்தை மெஷினிடம் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்றேன். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். திரையைக் கழற்றினார்கள்.

மாற்றியது நான்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவளிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை எனக்கென்று வந்திருந்தால், எழுந்து ஓடியிருப்பேன்.