ஈட்டிக்காரியின் அப்பன்

இல்லம்மா, நீ படி. நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. பஸ் குலுங்குனதுல அட்டையில ஈட்டி தெரிஞ்சுது, அதான் கேட்டேன். ஆறாம் பாகம்தானே? கடைசி பாகம் வந்துடுச்சுன்னு கடைக்குப் போனா, தீந்துபோச்சுன்னுட்டாங்க.

சிரிக்காத. அஞ்சு பாகமும் படிச்சிருக்கேன். நான் லிப்ட் மெக்கானிக். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்களுக்குக் கதவத் தொறந்து விடுறதுதான் முப்பது வருஷப் பொழப்பு. பறக்குற பாம்பு, பேசுற மலை, இதெல்லாம் நம்ம மண்டையில ஏறாது. பாம்பு வந்தா பக்கத்தத் தள்ளிட்டுப் போயிடுவேன். எனக்கு அந்த ஈட்டிக்காரப் பொண்ணோட அப்பன் என்ன ஆனான்னுதான் தெரியணும்.

ஆமா, கோட்டைக் காவக்காரன். அவ ஈட்டியத் தூக்கிட்டுக் கெளம்புறப்போ சொல்வானே, ஈட்டி சோறு போடுமாடி, போனா இந்த வாசப்படிய மிதிக்காதன்னு. அவனேதான். நாலாம் பாகத்துல அவ ஒரு நாட்டையே ஜெயிச்சுட்டு அதே வாசல்ல வந்து நிக்கிறா. மூணு தடவ தட்டுறா. அப்பன் உள்ள தூங்குறான். தொறக்கல.

அங்கதான் தப்பா எழுதிட்டாங்க. அவன் தூங்கலம்மா. தாப்பாள்ல கைய வெச்சுக்கிட்டு நின்னான். மூணு தட்டையும் எண்ணுனான். நாலாவது தட்டுக்குத் தொறந்துடலாம்னு இருந்தான். வீம்பு, வேறென்ன. அவ மூணோட நிறுத்திட்டா.

புத்தகத்துல இல்லதான். வெளிய நின்னவளுக்கு உள்ள நடந்தது எப்படித் தெரியும்?

அஞ்சாம் பாகத்துல அவனப் பத்தி மூச்சே இல்ல. அம்போன்னு விட்டுட்டாங்க. இதுல வர்றானா? ஓ, ரெண்டாந்தடவையா படிக்கிற? அப்ப சொல்லேன். முடிவு தெரிஞ்சா ருசி போயிடும்னுலாம் எனக்கு ஒண்ணும் இல்ல.

ம்.

செத்துட்டானா. யாரோ வந்து சேதி சொல்றாங்களா. அவ என்ன பண்ணுறா? பாம்புக்குத் தீனி போட்டுக்கிட்டே கேட்டுக்கிறாளா. அப்புறம்? மிச்சத் தீனியையும் போட்டு முடிக்கிறா. எத்தன வரி வரும் அது? ரெண்டு வரியா. சரி, சரி.

எனக்கு ஒண்ணுமில்லம்மா. தண்ணியெல்லாம் வேணாம். அழுகையும் வரல, கோவமும் வரல. லிப்டுக்குள்ள கரண்ட் போனா ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது பாரு, அப்படி இருக்கு.

அடுத்த ஸ்டாப்புல நான் எறங்கணும். அந்தப் பின்னட்டையக் கொஞ்சம் திருப்பு. எழுதுனவங்க போட்டோ இருக்கும். ஆமா, இதான். முடியக் கட்டையா வெட்டிட்டா போல. மூக்கப் பாத்தியா? அப்படியே என் மூக்கு.

ஒண்ணே ஒண்ணுதான் மாத்தியிருக்காம்மா. நான் ஈட்டின்னு சொல்லல. கத சோறு போடுமாடின்னுதான் கேட்டேன்.