அணைக்காமல் ஒரு தாவல்

— கதவைச் சாத்துங்க, ஏசி குளிரெல்லாம் வெளிய போகுது. உங்க அக்கா வீட்லயும் இப்படித்தான் திறந்து போட்டுட்டுத் திரியறீங்களா?

— வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? மூணு மாசம் கழிச்சுக் கூப்பிட்டிருக்க. கட்டின புருஷனாச்சே, எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை...

— எப்படி இருக்கீங்க? சரி, உட்காருங்க. இந்தச் சர்வரையே ஓட்டற கெர்னல் புரோகிராமை மாத்தணும். பழசுல ஹேக்கர் நுழையற ஓட்டை இருக்காம், இன்னைக்கே மாத்தச் சொல்லிட்டாங்க. ஆனா அணைக்கவே கூடாது.

— அணைக்கவே கூடாதா...

— மெஷினைச் சொன்னேன்!

— நானும் மெஷினைத்தான் நினைச்சேன். ஏன், அணைச்சா என்ன?

— போன தடவை அணைச்சப்ப டிஸ்க் எழுந்திரிக்க அரை நாள் ஆச்சு. மேல குழந்தைங்க வார்டு மானிட்டர் மொத்தமும் இதை நம்பித்தான் ஓடுது. எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலை.

— ஐஸ் வைக்காத. பழசு ஓடிட்டிருக்கும்போதே புதுக் கெர்னலை மெமரில ஏத்திடணும். அப்புறம் பழசுலேருந்து புதுசுக்கு ஒரே தாவல். அணைச்சு எழுப்புற வேலையே இல்ல.

— தாவும்போது விழுந்துட்டா?

— விழுந்தா அரை நாள்தான். மேல சொல்லிட்டியா?

— ஒவ்வொரு தொட்டில் பக்கத்துலயும் ஒரு நர்ஸ் நிக்கறாங்க.

— நல்லது. இரு... ஏத்தறேன்... ஏத்தியாச்சு. தாவட்டுமா?

— கொஞ்சம் இருங்க... பதட்டமா இருக்கு.

— தட்டப்போறது நான், பதறறது நீயா? கையைக் கொடு.

— ம்...

— தட்டிட்டேன்.

— ஐயோ, ஸ்கிரீன் கறுத்துடுச்சு!

— பொறு...

— இன்னும் வரலையேங்க...

— பொறுடி... இதோ, வந்துட்டான் பாரு. புதுக் கெர்னல்!

— ஹலோ, வார்டா? சிஸ்டர், மானிட்டர்... எல்லாமேவா? தேங்க்ஸ் சிஸ்டர்!... எல்லாம் ஓடுதாம்!

— அப்ப கையை விடலாமா?

— பிடிச்சது நீங்கதானே... விடறதும் உங்க இஷ்டம்.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நான் வந்து உட்காரும்போதே புதுக் கெர்னல் மெமரில ஏறியிருந்துச்சு. நீதானே ஏத்தின?

— ஆமா, நான்தான்.

— ஒரு தட்டுத் தட்டினா முடிஞ்சிருக்கும். அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்ட?

— பார்க்கணும்போல இருந்துச்சு. போதுமா? தெரிஞ்சுமா ஒண்ணும் தெரியாத மாதிரி மறுபடி ஏத்தினீங்க?

— சொன்னா, 'அப்ப நானே தட்டிக்கறேன், நீங்க அக்கா வீட்டுக்குக் கிளம்புங்க'ன்னுடுவியேன்னுதான்...