எரியாத சொட்டு

அக்கா: காட்டமாட்டேன். டாக்டர் கூப்பிடட்டும், நேரா அவர் கைல குடுக்கிறேன்.

தங்கச்சி: சீட்டுல ஒரு நம்பர்தானே இருக்கும். அதுக்கு என்ன இவ்வளவு பிகு?

அக்கா: என் கண்ணு, என் அழுத்தம். உனக்கென்னடி அவசரம்?

தங்கச்சி: கூட வந்தவ கேக்கக் கூடாதா? ஏறியிருக்கா... அதை மட்டும் சொல்லு.

அக்கா: மேல பார்த்தா அழுத்தம் ஏறிக் காட்டுமாம். எனக்குத் தைராய்டால கண்ணைச் சுத்தி சதை வீங்கியிருக்குல்ல, அதனால. 'நேரா பாருங்கம்மா, நேரா'ன்னு அழுத்தம் பார்த்த பொண்ணு பத்து தடவை சொல்லிட்டா.

தங்கச்சி: நேரா பார்த்தியா?

அக்கா: பார்த்தேன். அவதான் பயந்துட்டா. நான் சாதாரணமா பார்த்தாலே முறைக்கிற மாதிரில்ல இருக்கு. என் டிக்கெட் கவுண்டர்ல இப்பல்லாம் ஒருத்தனும் வரிசைல முந்துறதில்ல, தெரியுமா?

தங்கச்சி: சிரிக்காதக்கா. போன தடவை டாக்டர் என்ன சொன்னார்?

அக்கா: முதல்ல முப்பது இருந்துச்சு, சொட்டு மருந்துல இருபதுக்கு இறங்கிருச்சு. திரும்ப ஏறினா நரம்பு நசுங்கிரும், ஆபரேஷன் பண்ணி கண்ணைச் சுத்தி எலும்பைச் செதுக்கி இடம் விடணும்னார். போன பார்வை வராதுன்னார். நீயும் கூடத்தானே இருந்த.

தங்கச்சி: இருந்தேன்...

நர்ஸ்: ஒம்பதாம் நம்பர் உள்ள வாங்க.

அக்கா: நாம பன்னெண்டு. உக்காரு. எதுக்கு எந்திரிக்கிற?

தங்கச்சி: கால் மரத்துப் போச்சு.

அக்கா: இப்படித் திரும்பு. உன் இமை முடி என்ன, திடீர்னு இப்படி வளந்து நிக்குது?

தங்கச்சி: விளக்கெண்ணெய் தடவுறேன்.

அக்கா: நல்ல எண்ணெய். எனக்கும் கொஞ்சம் குடேன்.

தங்கச்சி: உனக்கெதுக்கு? உனக்குத்தான் ஊரே பார்க்குற மாதிரி வளந்திருக்கே.

அக்கா: அது மருந்தால வளந்ததுடி. அந்தச் சொட்டு விட்டா இமை நீளும்னு டாக்டரே சொன்னார்ல.

தங்கச்சி: எதால வளந்தா என்ன. பார்க்குறவங்களுக்கு அதா தெரியுது? 'உங்க அக்கா இமையைப் பாரு, வரைஞ்சு வச்ச மாதிரி'ன்னு சாப்பிட உக்காந்து சொல்றார் என் வீட்டுக்காரர். ஒம்பது வருஷத்துல என்னை ஒரு வார்த்தை... தட்டை வச்சிட்டு எந்திரிச்சு போயிட்டேன்.

அக்கா: அவர் எதையோ பேசணுமேன்னு சொல்லியிருப்பார்.

தங்கச்சி: எனக்கு எரிஞ்சுது. முட்டைக்கண்ணின்னு உன்னை எல்லாரும் கேலி பண்ணப்பவும் எனக்கு வலிச்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா இது எரிஞ்சுது. அதுல ஞாயித்துக்கிழமை கூட நீ வீட்ல இருக்கிறதில்ல. சாயங்காலமானா ஆபீஸ்ல உன் பக்கத்துக் கவுண்டர்ல உக்கார்றவ வீட்டுக்கு ஓடிடுற. கீழ் வீட்ல கூடப் பொறந்தவ இருக்கேன், அவதான் உனக்கு ஒட்டிக்கிட்டா.

அக்கா: நீயும்தான் ஒட்டிக்கிட்ட. என் கை இந்த நடுக்கம் நடுங்குது, தினமும் படியேறி வந்து யார் சொட்டு விடுறா? நீதானே. முன்னெல்லாம் அந்த மருந்து எரியும், காலை உதைப்பேன். இப்ப ரெண்டு மாசமா எரியவே இல்ல. குளுகுளுன்னு இருக்கு. உன் கைராசி.

தங்கச்சி: அக்கா, போதும்.

அக்கா: என்னடி?

தங்கச்சி: அந்தச் சீட்டைக் குடு.

அக்கா: குடுக்கமாட்டேன்னு சொன்னேன்ல.

நர்ஸ்: பதினொண்ணு.

தங்கச்சி: அடுத்து நாமதான். உள்ள போறதுக்கு முன்னாடி நான் சொல்லியாகணும். உனக்கு அழுத்தம் ஏறியிருந்தா... அது உன் வியாதி இல்லக்கா. நான்.

அக்கா: ம்.

தங்கச்சி: அந்த மருந்தை ரெண்டு மாசமா நான் எடுத்துக்கிட்டேன். என் இமைக்கு. உனக்கு விட்டது வெறும் ஈரத்துக்கு விடுற சொட்டு. பாட்டிலும் அதே மாதிரி சின்னதா இருந்துச்சு. ரெண்டு நாள்தானேன்னு ஆரம்பிச்சேன், அப்புறம் வளர ஆரம்பிச்சுது, விட முடியல. அதுலயும் என் புத்தியைப் பாரு... உனக்கு மருந்தே போகல, ஆனா உன் இமை மட்டும் உதிரவே இல்லையேன்னு அதுக்கும் வயிறெரிஞ்சேன். திட்டு. அறை. ஆனா டாக்டர்கிட்ட எலும்பைத் தொட வேணாம்னு சொல்லு. மருந்து விட்டா இறங்கிரும்.

அக்கா: அழுது முடிச்சிட்டியா? இந்தா சீட்டு. படி.

தங்கச்சி: கண்ணு மறைக்குது...

அக்கா: இமை அவ்வளவு வளந்திருச்சா?

தங்கச்சி: பதினேழா? ரெண்டு கண்ணும் பதினேழா? அது எப்படிக்கா?

அக்கா: எரியலைன்னா எனக்குத் தெரியாதா? ரெண்டாவது நாளே தெரியும். வேற பாட்டில் வாங்கி ஆபீஸ்ல வச்சிருக்கேன். வேலை முடிஞ்சதும் பக்கத்துக் கவுண்டர்க்காரி விட்டுவிடுவா. ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்கு நான் கதை பேசவா போனேன்?

தங்கச்சி: தெரிஞ்சும் தினம் ராத்திரி என் முன்னாடி தலையை நிமித்திக்கிட்டு உக்காந்தியா? ஏன்க்கா? அன்னைக்கே முடியைப் பிடிச்சு ரெண்டு அறை விட்டிருக்கலாமே.

அக்கா: விட்டிருக்கலாம்... சின்னதுல வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் உன்னைக் கொஞ்சி முடிச்சிட்டு, என்னைப் பார்த்து 'இவ நல்லா படிப்பாளா'ன்னு கேப்பாங்க. உன்னைப் பார்த்து நான் வெந்தது எனக்குத்தான் தெரியும். என் நாப்பத்திரெண்டு வயசுல முதல் தடவையா நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட. அதை நிறுத்த எனக்கு மனசு வரலடி.