வேங்கையன் ஈட்டியைக் கீழே வைத்தான்

ராமப்பன்: ...கேண்டீன்ல உக்காந்திருந்தவங்க அத்தன பேரும் எந்திரிச்சிட்டாங்க கெம்பி. தட்ட வச்சிட்டு வந்து வந்து கை குடுக்கறாங்க.

கெம்பம்மா: நாலு மாசம் கழிச்சு கம்பெனிக்குள்ள கால் வச்சிருக்கீங்க. பாக்காதவங்க பாத்தா குடுக்கத்தான் செய்வாங்க.

ராமப்பன்: நானும் அப்பிடித்தான் நெனச்சன். அப்ப கோவிந்தப்பன் முதுகுல ஒண்ணு வச்சான். "மச்சான், அந்தக் கெணத்துல எறங்குனயே, அது எப்பிடி மச்சான் உனக்குத் தோணுச்சு"ன்றான். எந்தக் கெணறு கெம்பி?

கெம்பம்மா: காப்பி வைக்கட்டுமா?

ராமப்பன்: குடிச்சிட்டுதான் வந்தன். எந்தக் கெணறு?

கெம்பம்மா: இருங்க, இந்த ராகியப் பொடச்சு முடிச்சிடறன். காத்து நல்லா அடிக்குது...

ராமப்பன்: மொறத்தக் கீழ வை.

கெம்பம்மா: வைக்கறன். நீங்க மொதல்ல சட்டையக் கழட்டுங்க, பஸ்சுல வந்தது வேர்த்து ஊத்துது.

ராமப்பன்: பேச்ச மாத்தாத. நான் என்னா சொன்னன் உன்கிட்ட? இந்த வாட்டி லெட்டர்ல என்னா எழுதச் சொன்னன்?

கெம்பம்மா: வேங்கையன் ஈட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி, கெணத்தச் சுத்தி நிக்கறவங்களக் குத்திப்போட்டு, பூட்ட ஒடைக்கணும்னு சொன்னீங்க.

ராமப்பன்: எழுதினயா?

கெம்பம்மா: ...வேங்கையன்னு எழுதினன்.

ராமப்பன்: அதுக்கப்பறம்?

கெம்பம்மா: ஈட்டின்னும் எழுதினன்.

ராமப்பன்: கெம்பி...

கெம்பம்மா: அத எடுத்துக்கிட்டுப் போனான்னு எழுதல. கீழ வச்சான்னு எழுதிட்டன்.

ராமப்பன்: பாத்தியா. நான் அங்க கேண்டீன்ல நிக்கறன். சுத்தி டூல் ரூம் ஆளுங்க பூரா. "எப்பிடி தோணுச்சு, எப்பிடி தோணுச்சு"ன்றாங்க. எனக்கு என்னா தோணுச்சுன்னே எனக்குத் தெரியல. திருதிருன்னு முழிக்கறன்.

கெம்பம்மா: அய்யய்யோ... என்னா சொன்னீங்க அவங்ககிட்ட?

ராமப்பன்: அத அப்பறம் சொல்றன். மொதல்ல நீ சொல்லு. இந்த ஒரு வாட்டிதானா, இல்ல எப்பவுமே இதுதானா?

கெம்பம்மா: மொத ரெண்டு லெட்டரு நீங்க சொன்னத அப்பிடியே எழுதினன். சாமி சத்தியமா. மூணாவதுலதான்...

ராமப்பன்: மூணாவது? இது ஏழாவது கெம்பி.

கெம்பம்மா: மூணாவதுல அந்த சுங்கக்காவல் கெழவர வெட்டுன்னீங்க. பாவம், அவரு வழி மறிச்சு காசுகூட கேக்கல, எங்க போறீங்கன்னு கேட்டாரு. அதுக்குப் போயி... எழுத வரலீங்க. பேனா நின்னுபோச்சு.

ராமப்பன்: அது கத கெம்பி. தாள்ல இருக்கற கெழவன்.

கெம்பம்மா: தெரியும். மொதல்ல கோவிந்தப்பண்ணன் கொண்டாந்து குடுத்தப்ப நீங்க என்னா சொன்னீங்க? "தபால்ல எவனாவது வெளாடுவானா, இது சின்னப் பசங்க சோலி"ன்னீங்க. நான்தான் தாள வாங்கிப் படிச்சன். பெங்களூர்ல கந்தன் சாருன்னு ஒருத்தரு கத எழுதறாரு, ஒம்போது பேரு ஒம்போது ஊர்ல உக்காந்துக்கிட்டு ஆளுக்கொரு ஆளா அந்தக் கதைக்குள்ள போறாங்க, பதினஞ்சு நாளைக்கு ஒரு வாட்டி அவங்கவங்க ஆளு என்னா செய்யறான்னு இன்லண்டு லெட்டர்ல எழுதிப் போடறாங்க... படிக்கப் படிக்க எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு.

ராமப்பன்: எனக்கு வலது கையில கட்டு. நீ எழுதினாத்தான் உண்டுன்னு ஆச்சு.

கெம்பம்மா: ஆமா. நீங்க சொல்லச் சொல்ல எழுதற கைதான் நானு. அது எனக்குத் தெரியாமயில்ல. ஆனா நீங்க ஒவ்வொரு வாட்டியும் குத்து, வெட்டு, ஒடைன்னே சொன்னீங்க. கட்டிலு மேல படுத்துக்கிட்டு, மோட்டுவளையப் பாத்துக்கிட்டு...

ராமப்பன்: வேறென்ன சொல்வான் மனுசன். மிஷின் கடிச்ச கைய வச்சிக்கிட்டு.

கெம்பம்மா: அதான். அந்தக் கோவத்த வேங்கையன் தலையில கட்டறீங்களேன்னு இருந்துச்சு. அவன் என்னா பண்ணான், பாவம். உப்பு வண்டிக்குக் காவலு வந்தவன்.

ராமப்பன்: சரி. இந்தத் தாளு இன்னும் உனக்கு வரல. நமக்குத் தபால்ல திங்கக்கெழமதான் வரும். அங்க கம்பெனியில எல்லாரும் வாங்கிப் படிக்கறாங்கன்னு கந்தன் சாரு ஆளு மூலமா கொஞ்சம் தாளு குடுத்துவிட்டிருக்காரு. கோவிந்தப்பன் எனக்கு ஒண்ணு குடுத்தான்.

கெம்பம்மா: எங்க? குடுங்க.

ராமப்பன்: கையெல்லாம் உமி. நான் படிக்கறன், நீ கேளு.

கெம்பம்மா: அலம்பிக்கிட்டு வரனே...

ராமப்பன்: உக்காரு. "சுற்று ஏழு. தேதி பத்து, எட்டு, எண்பத்தொன்பது. உப்பு வண்டிகள் ஊருக்கு வெளியே நின்றன. மாடுகள் இரண்டு நாளாகத் தண்ணீர் கண்டிருக்கவில்லை. கிணற்று மேட்டில் இருபது பேர் கம்போடு நின்றார்கள். எட்டுப் பேர் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்கள். வேங்கையன் மட்டும் அவர்களைத் தாண்டிப் போய், ஈட்டியைக் கீழே வைத்தான்."

கெம்பம்மா: எட்டுப் பேருமா சண்டைக்குப் போனாங்க?

ராமப்பன்: எட்டுப் பேரும். நான் சொன்னத எழுதியிருந்தா ஒம்போது. கேளு. "'தண்ணீர் கேட்டு வரவில்லை. தூர் வார வந்திருக்கிறேன்' என்றான் வேங்கையன். காவல் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பு பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. ஊர்ப் பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கிணறு வற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் இல்லாத ஊர் என்று பேர் எடுத்துவிடக் கூடாதே என்று, அந்த மனிதர்கள் பூட்டுப் போட்டு, காவல் வைத்து, இரவும் பகலும் காத்து நின்றது வெறும் சேற்றை."

கெம்பம்மா: ...அப்பிடியேதான் இருந்திருக்குது.

ராமப்பன்: உனக்கு எப்பிடித் தெரியும்? அதச் சொல்லு. அங்க எல்லாரும் என்னைக் கேட்டது அதத்தான். போன தாள நானும்தான் படிச்சன். தண்ணி இல்லன்னு அதுல ஒரு எடத்துலயும் இல்ல.

கெம்பம்மா: இருந்துச்சு.

ராமப்பன்: எங்க?

கெம்பம்மா: "கிணற்று மேட்டில் சுருட்டி வைத்த கயிறு வெயிலில் காய்ந்து கிடந்தது"ன்னு ஒரு வரி.

ராமப்பன்: கயிறா?

கெம்பம்மா: ஒரு ஊரே தண்ணி சேந்தற கயிறு காயுமாங்க? எங்க ஊர்ல ஆனேக்கல்லுல, வெடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் ஒருத்தி கை மாத்தி ஒருத்தி. கயிறு நனைஞ்சு நனைஞ்சு கருத்துப்போயிருக்கும். புடிச்சா வழுக்கும். காஞ்ச கயிறுன்னா, தண்ணி மேல வந்து நாளாச்சுன்னு அர்த்தம். அப்ப உள்ள ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் காவலு? வெக்கம். வேறென்ன.

ராமப்பன்: நான் அந்த வரியப் படிச்சன். கயிறுன்னு படிச்சிட்டுப் போயிட்டன்.

கெம்பம்மா: நீங்க எங்க தண்ணி சேந்தியிருக்கீங்க.

ராமப்பன்: அப்ப அந்த நம்பரு? ஆபத்தான காரியம் பலிக்குமான்னு இந்த ஆட்டத்துல லாட்டரிதான முடிவு பண்ணுது. கெணத்துல எறங்கினா மண்ணு சரியாம இருக்கணும்னா, வியாழக்கெழம லாட்டரியோட கடைசி நம்பரு அஞ்சுக்கு மேல வரணுமே. கீழ வந்தா வேங்கையன் உள்ளயே பொதஞ்சிருப்பான்.

கெம்பம்மா: அதுக்குத்தான வெள்ளிக்கெழம பேப்பரு கேட்டன்.

ராமப்பன்: கத்திரிக்கா சுத்தி வந்த பேப்பரு போதும், அதப் படிக்கறன்னியே...

கெம்பம்மா: கத்திரிக்கா சுத்தின பேப்பர எவ படிப்பா. முடிவெட்டற கடைக்குப் போயி வாசல்ல நின்னுக்கிட்டு, ஆஞ்சப்பண்ணா அந்த லாட்டரிப் பக்கத்தக் கொஞ்சம் காட்டுன்னு கேட்டன். உள்ள இருந்தவங்க எல்லாம் எனக்கு ஏதோ பரிசு விழுந்துருச்சுன்னு பாக்கறாங்க. கடைசியில ஏழு. அங்கயே கண்ணுல தண்ணி வந்துருச்சு. "எத்தனம்மா விழுந்துச்சு"ன்றாரு. ஒரு ஊருக்கே விழுந்துச்சுங்கண்ணான்னு சொல்லிட்டு வந்துட்டன்.

ராமப்பன்: ஹூம்... கேளு, இன்னும் இருக்குது. "மூன்று நாள் சேறு அள்ளினார்கள். கம்போடு நின்ற இருபது பேரும் கூடை பிடித்தார்கள். ஆயுதத்தோடு வந்த எட்டுப் பேரும் கூடை பிடித்தார்கள். மூன்றாம் நாள் பொழுது சாய, வேங்கையன் நின்ற இடத்தில் கணுக்கால் நனைந்தது." அப்பறம் சாரு தனியா ஒண்ணு எழுதியிருக்காரு. "போன சுற்றுத் தாளை அனுப்பிய நாளாக இந்தக் கயிற்றை யாராவது பார்க்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். பாகலூரிலிருந்து வந்த கடிதத்தில் எழுத்துப்பிழை நிறைய. ஆனால் கயிற்றைப் பார்த்தது அந்தக் கடிதம் ஒன்றுதான்."

கெம்பம்மா: எழுத்துப்பிழைய ஏன் போட்டாரு... நான் படிச்சது கன்னடப் பள்ளிக்கூடம். இங்க வாக்கப்பட்டு வந்து, பஸ்சு போர்டு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. மூணு ல-வுல எது எங்க வரும்னு இன்னிக்கும் தெரியல. உங்கள எல்லாரும் சிரிச்சாங்களா?

ராமப்பன்: எவனும் சிரிக்கல.

கெம்பம்மா: கோவமா உங்களுக்கு?

ராமப்பன்: இரு. சொல்றன். மிஷின்ல கை மாட்டின நாள்ல இருந்து, என்னைப் பாக்க வர்றவன் எவனும் மொதல்ல மூஞ்சியப் பாக்கறதில்ல. கையப் பாப்பான். "எத்தன வெரலு மடங்குது"ம்பான். அப்பறந்தான் எப்பிடி இருக்கன்னு கேப்பான். இன்னிக்குக் காலையில பஸ்சுல போறப்ப அதே நெனப்புதான். லேத்துல இனிமே விடமாட்டாங்க, ஸ்டோர்ஸ்ல உக்கார வச்சு ஆணி எண்ண விடுவாங்க, எல்லாம் உச்சு கொட்டுவாங்கன்னு. உள்ள போனா... ஒருத்தன் கையப் பாக்கல கெம்பி. அத்தன பேரும் மூஞ்சியப் பாத்தாங்க.

கெம்பம்மா: அப்ப அது அப்பிடியே இருக்கட்டுங்க.

ராமப்பன்: எது?

கெம்பம்மா: நீங்கதான் சொன்னீங்க, நான் எழுதினன். அவ்வளவுதான. உங்க ஆளு, உங்க பேரு. எனக்கு எதுக்கு? நான் எந்தக் கேண்டீனுக்குப் போகப்போறன். நீங்க திங்கக்கெழம நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போங்க. யாருக்குத் தெரியப்போகுது?

ராமப்பன்: கந்தன் சாருக்கு?

கெம்பம்மா: அதுல ஒரு சிக்கலு இருக்குது.

ராமப்பன்: என்னா சிக்கலு?

கெம்பம்மா: திட்டக்கூடாது.

ராமப்பன்: சொல்லு.

கெம்பம்மா: போன வாரம் நீங்க கட்டு பிரிக்க ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்கல்ல, அன்னிக்கு ஒரு கவரு வந்துச்சு. சாரு தனியா எழுதியிருந்தாரு. வேங்கையன நடத்தறவருக்குன்னு. இந்த ஆட்டம் இன்னும் மூணு சுத்துல முடியுதாம். அடுத்த ஆட்டத்துக்குக் கத எழுதி, தாளு அனுப்பி, நீங்களே நடத்தறீங்களா, எனக்கு வயசாயிடுச்சுன்னு கேட்டிருந்தாரு.

ராமப்பன்: நீ என்னா பண்ண?

கெம்பம்மா: முடியாதுன்னு எழுதத்தான் உக்காந்தன். உக்காந்து... உங்க பேரப் போட்டு பதில் எழுத மனசு வரல. அவரு நம்பிக் கேக்கறாரு. அதனால இத்தன நாளு எழுதினது நான்தான், எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுன்னு எழுதிட்டன்.

ராமப்பன்: அவ்வளவுதானா?

கெம்பம்மா: ...நடத்தறன்னும் எழுதிட்டன். கீழ என் பேரப் போட்டு. கத கூட யோசிச்சு வச்சிருக்கன். நாலு பாஷ பேசற ஒரு ஊரு, அதுக்கு நடுவுல ஒரு சந்த...

ராமப்பன்: ம்.

கெம்பம்மா: உங்களுக்கு வேணாம்னா நாளைக்கே முடியாதுன்னு ஒரு கார்டு போட்டுடறன். நெசமா. நீங்க அங்க தலகுனிஞ்சு நிக்கறதுக்கு எனக்கு ஒரு ஆட்டமும் வேணாம்.

ராமப்பன்: கார்டு போட முடியாது.

கெம்பம்மா: ஏன்?

ராமப்பன்: தாளுக்கு அடியில ஒரு வரி இருக்குது. படிக்காம விட்டன். "அடுத்த ஆட்டத்தை நடத்துபவர்: கெம்பம்மா, பாகலூர். சேர விரும்புகிறவர்கள் அவருக்கு எழுதவும்."

கெம்பம்மா: அச்சே போட்டாச்சா? அப்ப நீங்க வர்றப்பவே தெரிஞ்சுதான்... கொஞ்சமாவது சொன்னீங்களா? இவ்வளவு நேரம் என்னைக் கேள்வி கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே.

ராமப்பன்: நீயா சொல்றயான்னு பாத்தன்.

கெம்பம்மா: போங்க... அப்ப கேண்டீன்ல? அவங்களும் அந்த வரியப் படிச்சிருப்பாங்கல்ல? என்னா சொன்னீங்க அவங்ககிட்ட? அதச் சொல்லாமயே இருக்கீங்க.

ராமப்பன்: படிச்சாங்க. உன் பேரு அங்க எவனுக்கும் தெரியாது, கோவிந்தப்பனே உன்ன தங்கச்சின்னுதான் கூப்பிடுவான். "உங்க பாகலூர்ல யாரு மச்சான் இந்தக் கெம்பம்மா"ன்னு என்னையே கேட்டான். தெரியாதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். கெணத்துல எறங்கினவ அவதான்டா, என் பொண்டாட்டின்னு சொன்னன். அப்பறம் உன் ஆட்டத்துல சேர எட்டுப் பேரு அங்கயே ஒரு தாள்ல பேரு எழுதினாங்க. மொதப் பேரு என்னுது.