சிவப்பைப் பார்த்துக் கைதட்டியவர்

“சிவப்பு வந்ததும் நான் கைதட்டிட்டேண்ணா.”

வேலூரிலிருந்து ஆரணி வரும் பேருந்தில், கண்ணமங்கலம் தாண்டியதும் என் முன் சீட்டில் இப்படி ஒரு குரல் கேட்டது. பேசியவர் முந்தின நாள்தான் அப்பா ஆன இளம் நெசவாளர். பக்கத்தில், அவருக்கு அடுத்த தறியில் நெய்பவர்.

“எதுலடா சிவப்பு?”

“நர்சம்மா கையில இருந்த டேப்லெட் ஸ்க்ரீன்ல. எம் பொண்டாட்டிக்கு பிரஷர் பாத்து அதுல போட்டாங்க. பட்டுனு சிவப்பாயிடுச்சு. நம்ம முகூர்த்தப் புடவ கலராச்சே, நல்ல சேதின்னு நெனச்சேன்.”

“அடப்பாவி!”

“‘சிவப்புன்னா ஆபத்துங்க’ன்னு மொறச்சாங்க. இன்னொரு தபா பிரஷர் பாத்துட்டு ஜல்தியா டாக்டர கூப்டாங்க. லேட்டாயிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்குமாம். ஊசி போட்டு, ஆபரேஷன் பண்ணி, பொண்ணு பொறந்துச்சு. தாயும் புள்ளையும் சௌக்கியம்.”

“புள்ள யார் ஜாடை?”

“தூரத்துல இருந்துதான் பாத்தேன். ரொம்ப மெல்லிசா இருக்குதுண்ணா. தூக்கவே பயமா இருந்துச்சு. துணி எடுத்தாரேன்னு கெளம்பிட்டேன்.”

“இழை அறாம பட்டு நெய்யிற கை, பெத்த பொண்ண தூக்க பயப்படுதா?”

அவர் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் மனைவியின் குரல்.

“எங்க போய்கினு இருக்கீங்க? எல்லாரும் தூக்கிட்டாங்க, நீங்கதான் பாக்கி.”

அந்தக் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது. பேருந்தே சிரித்தது.

“துணிய நான் குடுத்தனுப்பறேன், எறங்குடா! கண்டக்டர், விசில் குடுங்க!”

பேருந்து நின்றது. அவர் செருப்பு கழன்றதையும் பார்க்காமல் சாலையின் மறுபக்கம் ஓடி, வேலூர் பேருந்துக்குக் கை நீட்டினார்.