விட்டுக்கொடுத்த ஆட்டம்

நான் இப்போதெல்லாம் தாம் பலகைப் போட்டிகளுக்குப் போவதில்லை, முதலியார் ஐயா. எருக்கலம்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மச்சான் மௌத்தான துக்கத்தில் ஜமால்தீன் ஒதுங்கிவிட்டான், பாவம் என்பார்கள். ஊர் நல்ல ஊர். மனிதரைப் பற்றி நல்லதாகத்தான் நினைக்கும்.

தண்ணீர் பிறகு குடிக்கிறேன். முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், தாங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முத்துக்குளிப்பு நடக்கிற வருடங்களில் மரிச்சுக்கட்டி மணலில் ஒரு பட்டணமே முளைத்துவிடும், தாங்கள் அறியாததல்ல. விடியலில் வள்ளங்கள் சிப்பி கிடக்கும் பாருக்குப் போகும். மத்தியானம் பீரங்கி வெடித்ததும் கரைக்குத் திரும்பும். அதன் பிறகு எங்களுக்கு என்ன வேலை? சிப்பி அழுகும் நாற்றத்தில் கிடந்து உறங்கலாம், இல்லாவிட்டால் பலகையை விரித்துத் தாம் ஆடலாம். வெள்ளைக் காய்க்குச் சிப்பி ஓடு, கறுப்புக்குத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு. கீழக்கரை வியாபாரி ஒருவர் பந்தல் போட்டுப் போட்டி வைப்பார். பருவம் முடியும் தறுவாயில் எல்லோரையும் வென்று நிற்பவனுக்கு ஒரு சால்வை போர்த்துவார். முதல் இரண்டு பருவமும் சால்வை எனக்கே வந்தது.

அதை இலேசாக எண்ணிவிடாதீர்கள். நான் கயிறு பிடிக்கிறவன். சுழியோடிக்குப் பேர் கிடைக்கும், வள்ளக்காரச் சம்மாட்டிக்குக் காசு கிடைக்கும். வள்ளத்தில் நின்று கயிறு இழுக்கிறவனைப் பற்றி அவன் பெண்சாதிகூடப் பெருமை பேசமாட்டாள். சால்வையோடு நடந்தபோதுதான் ஆட்கள் எனக்கு வழி விட்டார்கள். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

என் தங்கச்சி கைருன்னிசாவை அபூசாலிக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல சுழியோடி, நல்ல பிள்ளை. சுழியோடியின் கயிற்றை அவன் பெண்சாதியின் சகோதரன்தான் பிடிப்பது எங்கள் வழக்கம். கூடப் பிறந்தவளை விதவையாக்க எவனுக்கு மனம் வரும்? அந்த நம்பிக்கையில் சுழியோடி மேலே வருவதற்கென்று மூச்சை மிச்சம் பிடிப்பதில்லை. இருக்கிற மூச்சையெல்லாம் அடியிலேயே சிப்பி அள்ளித் தீர்த்துவிட்டு, கயிற்றைச் சுண்டுவான். மேலே நிற்பவன் இழுத்துவிடுவான்.

தாம் ஆட அவனைப் பழக்கியதும் நான்தான். ஒரு மாரி முழுக்க என் வீட்டில் இருந்து ஆடினோம். மாரி ஓயுமுன்னே அவன் என்னை வெல்லத் தொடங்கிவிட்டான். அலட்டிக்கொள்ளாமல் வெல்வான். வென்றுவிட்டு, "கோப்பி இருக்கா மச்சான்?" என்று கேட்பான். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பந்தலில் நாலு பேருக்கு முன்னால் அவனை ஒரு தரம் நேராக வெல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த பருவம் கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு பேருக்கும் விழுந்தது. அவன் கைதான் ஓங்கி நின்றது. ஒரு காயை இன்னும் ஒரு கட்டம் தள்ளியிருந்தால் என் கடைசி வரிசையில் ஏறித் தாமாகி, முன்னும் பின்னும் ஓடி வெட்டியிருக்கும். அவன் அதை விட்டுவிட்டு, மூலையில் பத்திரமாக இருந்த காயை எடுத்து என் காய்க்கு முன்னால் வைத்தான். சின்னப்பிள்ளைகூட அப்படிச் செய்யாது. கிடைத்ததை வெட்டித்தான் ஆகவேண்டும், ஆட்டத்தின் சட்டம் அது. ஒரே தாவலில் மூன்று காய்களை வெட்டினேன். பந்தல் அதிர்ந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்கள் தங்கிய கொட்டிலில் வைத்துக் கேட்டேன்.

"விடுங்கோ மச்சான். எனக்குச் சால்வை என்னத்துக்கு? நான் இனிமேல் போட்டிக்கு வரமாட்டன். நீங்க ஆடுங்கோ."

"ஆர் உன்னை இப்பிடிச் செய்யச் சொன்னது?"

அவன் பாயை உதறி விரித்துப் படுத்துவிட்டான். பிறகு, அண்ணனான என்னை நானா என்று கூப்பிடும் தங்கச்சிதான் அழுதுகொண்டு ஒப்புக்கொண்டாள். "தோத்தா நானா உசிரோட இருக்கமாட்டார். அவருக்கு வேற என்ன இருக்கு?" என்று சொல்லி அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

இரக்கம், ஐயா. இருவரும் கூடிப் பேசி எனக்கு இரக்கம் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சால்வையைத் தோளில் போட்டால் உடம்பு எரிந்தது. கடைத்தெருவில் எவன் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது. "அபூசாலி ஒதுங்கினபடியா இவருக்கு வாய்ச்சுது" என்று மீன் விற்கிறவனும் சொன்னான். நான் அபூசாலியின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஒரே ஒரு தரம் உண்மையாக ஆடு, என்னைத் தோற்கடித்தாலும் சரி என்றேன். சத்தியம் பண்ணிவிட்டானாம், மாட்டானாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரு வருடம் நான் சரியாக உறங்கவில்லை.

கரையில் கேட்டால் சிரிக்கிறானே என்றுதான் போன பருவம் கடலில் கேட்டேன்.

ஆளை அடிக்கு இறக்கும் கல்லில் அவன் கால் வைக்குமுன், "இந்த முறை ஆடுவியா?" என்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். கயிறு சுண்டும். நான் கொஞ்சம் பொறுப்பேன். அதிகமில்லை, ஒரு காயை எங்கே நகர்த்துவது என்று யோசிக்கிற அளவுதான். மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமுவான். மூக்கால் இரத்தம் வடியும். என்னைப் பார்ப்பான். ஒருவரிடமும் அவன் வாய் விடவில்லை. பெண்சாதியின் நானாவைக் காட்டிக்கொடுத்தால் அவள் ஊரில் எப்படி முகம் காட்டுவாள் என்று நினைத்திருப்பான். அந்த வகையில் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

ஒருநாள் வள்ளத்தில் ஏறிப் படுத்தபடி, "சரி மச்சான், ஆடுறன்" என்றான். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல முடியாது. அன்று அவனுக்கு என் கையாலேயே கஞ்சி வார்த்துக் கொடுத்தேன்.

பந்தலில் மறுபடியும் நாங்கள் இருவரும் கடைசியாக உட்கார்ந்தோம். அவன் ஒவ்வொரு காயாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். வெட்டு, வெட்டு என்று வைத்தான். அதை மறைக்கக்கூட அவனால் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். சால்வை போர்த்திய வியாபாரியின் வாயும் கோணிற்று.

அவன் செய்த பிழை எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு அவனுக்கு என் மேல் இரக்கம் இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. என்னை வென்றால் கயிறு மேலே வராது, தோற்றால் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். இத்தனை நாள் என்னோடு பழகியும் என்னை அவன் அறிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் கடல் அசைவில்லாமல் கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இறங்குமுன் அவன்தான், "மச்சான், கயிறு..." என்று இழுத்தான். "பயப்பிடாத, நான் இருக்கிறன்" என்றேன். போனான். கயிறு சுண்டிற்று. மற்றவர்கள் அவரவர் ஆளை இழுத்துக்கொண்டு பாடினார்கள், பிறத்தியான் கயிற்றை யார் பார்க்கப்போகிறார்கள்? மறுபடியும் சுண்டிற்று. நான் கயிற்றைத் தளர்த்தி விட்டேன். தொய்ந்த கயிற்றைப் பிடித்து ஒருவனாலும் ஏறிவர முடியாது. அது கையில் துடித்து ஓயும்வரை வைத்திருந்தேன். பிறகு இழுத்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சத்தம் வைத்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. மூச்சு அடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சுழியோடிகளுக்கு அப்படி நடப்பதுதான்.

தங்கச்சி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து எழும்பினாள். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது சிலாவத்துறை மஹ்மூதுக்கு அவளை நிக்காஹ் செய்துவைத்திருக்கிறோம். அவனும் சுழியோடி. "நானா, இவருக்கும் நீங்கதான் கயிறு புடிக்கோணும். வேற ஆரிலயும் எனக்கு நம்பிக்கையில்ல" என்றாள். ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நேற்றுப் பின்னேரம் மஹ்மூது ஒரு புதுப்பலகையோடு வீட்டுக்கு வந்தான். என் மனதை ஆற்ற வந்தானாம். மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. ஒரு ஆட்டம் ஆடினோம். தொடக்கத்தில் நன்றாகத்தான் ஆடினான். கையில் வித்தை இருந்தது. பிறகு மூலையில் பத்திரமாக இருந்த காயை எடுத்து என் காய்க்கு முன்னால் வைத்தான், வென்றது நான். அவன் தலையைச் சொறிந்துகொண்டு தங்கச்சியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அபூசாலியைக் கொன்றது நான்தான். எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். வருகிற திங்கட்கிழமை முத்துக்குளிப்புத் தொடங்குகிறது. அதற்கு முன் என்னைப் பூட்டி வையுங்கள், ஐயா.